ராயபுரத்தில் வறட்சிக் கூண்டு ஏறிய வைபவம்

வறட்சி என்பது முன்னெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் வந்துகொண்டிருந்தது. மழைக்காலம் வரும், மழை வராது. பிறகு ஏரி வற்றும், கிணறு வற்றும். எல்லாம் முடிந்த பிறகு சர்க்காருக்கு ஒரு கடிதம் போகும். நாகரிகம் அடைந்த ஒரு ராஜாங்கத்தில் இது நடக்கக்கூடிய காரியமா? ஒரு தாசில்தார் வருவதென்றாலே நாலு நாள் முன்னால் தண்டோரா போடுகிறோம். வறட்சி மட்டும் நினைத்த நேரத்தில் உள்ளே நுழைவது மரியாதைக் குறைவு என்று மேலிடத்தில் தீர்மானமாயிற்று.

ஆகவே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒரு வருஷம், ஆடி மாதம், ராயபுரம் கடற்கரையில் ஒரு புது ஆபீஸ் திறக்கப்பட்டது. அதன் திருநாமம் ‘வறட்சி முன்ஜாக்கிரதை ஆபீஸ்’. வடக்கே எங்கோ மலைமேல் உட்கார்ந்திருக்கும் நிபுணர்கள் உலகத்துக் காற்றையெல்லாம் கணக்குப் பார்த்து, வரப்போகும் ஐப்பசி கார்த்திகை மழை இத்தனை அணா என்று தந்தி அடிப்பார்கள். ரூபாய்க்குப் பதினாறு அணா அல்லவா? அதுபோல முழு மழை பதினாறணா, பாதி மழை எட்டணா. எட்டணாவுக்குக் கீழே தந்தி வந்தால் அன்றைக்கே நடவடிக்கை ஆரம்பமாக வேண்டும். மழை தவறுகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. சட்டம் என்றால் இதுவல்லவா சட்டம்! இதில் நான் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். அதை நடத்துவதற்கு ஒரு ஆபீஸ் வைத்தார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சட்டத்தைக் கேட்டு ராஜதானியிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவன் கோதண்டம்.

கோதண்டம் துறைமுகத்து ஆள். புயல் வரும்போது கொடிமரத்தில் கூண்டு ஏற்றுவது அவன் உத்தியோகம். தந்தி வரும், இன்ன கூண்டு என்று மேஸ்திரி சொல்லுவார், கோதண்டம் கயிற்றை இழுப்பான், தார் பூசிய பிரம்புக் கூண்டு மரத்தின் உச்சிக்குப் போய்த் தொங்கும். அதைப் பார்த்த மாத்திரத்தில் கடற்கரை நெடுகக் கட்டுமரங்கள் மணலுக்கு ஏறிவிடும். வருஷத்தில் பத்து நாள் இந்த வேலை. மீதி நாளெல்லாம் கப்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பான். புது ஆபீசுக்கு ஒரு ஆள் வேண்டும் என்றபோது துறைமுகத்தார் யோசிக்காமல் அவனைக் கடனாகக் கொடுத்தார்கள்.

அவன் சந்தோஷத்துக்குக் காரணம் ஒரு கிணறு. அவன் குடியிருந்த சந்தில் அறுபது வீட்டுக்கு ஒரே ஒரு உறைக்கிணறு. கடற்கரை மணலில் வெறுமனே கிணறு வெட்டினால் சரிந்துவிடும் என்று, சுட்ட மண் வளையங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்கியிருப்பார்கள். அந்த வளையத்துக்குத்தான் உறை என்று பெயர். சந்துக் கிணற்றில் அடி உறைகள் உடைந்து மணல் உள்ளே விழுந்துவிட்டது. தூர் எடுத்து ஆறு உறை புதிதாக இறக்கினால் எந்தக் கோடைக்கும் தாங்கும். அந்த ஆறு உறைக்காகக் கோதண்டம் மூன்று வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தான். மூன்றுக்கும் ஒரே பதில்தான்: ‘மேற்படி கிணற்றில் தற்சமயம் தண்ணீர் இருப்பதாகத் தெரிகிறபடியால் மனு தள்ளுபடி செய்யப்பட்டது.’

அவன் பெண்சாதி கன்னியம்மாதான் அந்தத் தண்ணீரை இறைக்கிறவள். பங்குனி பிறந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் நடக்கிறவளும் அவள்தான். அவளுக்குச் சர்க்கார் பேரில் நம்பிக்கை விட்டுப்போய் வெகுநாள் ஆகியிருந்தது.

“தண்ணி கீறச்சே உறை குடுக்கமாட்டானுவ. தண்ணி பூட்டா, அப்பால வந்து கெணத்தையே மூடுன்னுவானுவ. எப்பதான்யா குடுப்பானுவ?”

“அதுக்குத்தாம்மே இந்தப் புது ஆபீஸு! தண்ணி கீறப்பவே குடுக்கறதுக்குன்னே தொறந்துக்கீறாங்கோ. மழை கொறையும்னு ஒரு தந்தி வரட்டும், அப்பால பாரு.”

ஊரெல்லாம் மழை வர வேண்டும் என்று சாமி கும்பிட்டது. கோதண்டம் மட்டும் மழை வராது என்று தந்தி வர வேண்டும் என்று கும்பிட்டான். ஆவணி முதல் வாரத்தில் சாமி அவன் பக்கம் பார்த்தது. தந்தி வந்தது: ஆறணா.

வறட்சி முன்ஜாக்கிரதை ஸ்பெஷல் ஆபீசர் ஸ்ரீமான் அருள்பிரகாசம், பி.ஏ. அவர்கள் அசாதாரணமான விஞ்ஞானப் பற்று உள்ளவர். மற்றவர்கள் சட்டைப் பையில் கடிகாரம் வைத்திருப்பார்கள். அவர் காற்றழுத்தமானி வைத்திருந்தார். யாராவது மணி என்ன என்று கேட்டால் எடுத்துப் பார்த்து, “இருபத்தொன்பதே முக்கால்” என்பார். கேட்டவனும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

கோதண்டம் அவர் எதிரில் போய்க் கைகட்டி நின்றான்.

“எஜமான், ஆறணான்னு தந்தி வந்துக்கீதாமே. எங்க சந்துக் கெணத்துக்கு ஆறு உறை…”

“பொறு. நடவடிக்கை என்றால் நான்கு அம்சங்கள். முதல் அம்சம், பொதுமக்களை எச்சரித்தல். இரண்டாவது, எச்சரிக்கை அவர்களுக்கு உறைத்ததா என்று அறிதல். மூன்றாவது, அறிந்ததை மேலிடத்துக்கு அறிவித்தல். நான்காவது, கிணறுகளுக்கு வேண்டியதைச் செய்தல்.”

“நாலாவதை மொதல்ல செஞ்சா இன்னா எஜமான்?”

“அப்புறம் மற்ற மூன்றும் எதற்கு?”

இந்தக் கேள்விக்குப் பதில் மேலிடத்திலும் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அது நாலாவதாக இருந்தது.

பொதுமக்களை எப்படி எச்சரிப்பது என்று மூன்று நாள் ஆலோசனை நடந்தது. கடைசியில் ஆபீசரின் பார்வை ஜன்னல் வழியாகக் கொடிமரத்தின் மேல் விழுந்தது. புயலுக்குக் கூண்டு ஏற்றலாம் என்றால் வறட்சிக்கு ஏன் ஏற்றக்கூடாது? வறட்சி என்ன புயலைவிடத் தாழ்ந்த ஜாதியா? உடனே கூண்டு முடைகிறவர்களைக் கூப்பிட்டு, ஆள் உயரத்தில் ஒரு பிரம்புக் கூண்டு செய்து, அதற்குக் காவி வர்ணம் பூசும்படி உத்தரவாயிற்று.

“வறட்சி என்பது ஒன்றும் இல்லாமை” என்று அருள்பிரகாசம் விளக்கினார். “ஆகையால் இந்தக் கூண்டின் உள்ளே ஒன்றும் இருக்கக்கூடாது.”

“எல்லாக் கூண்டும் உள்ள காலிதான் எஜமான்.”

“அவை தற்செயலாகக் காலி. இது உத்தரவின்படி காலி.”

ஒரு நல்ல நாள் பார்த்து, பந்தல் போட்டு, பாண்டு வாத்தியம் முழங்க, வறட்சிக் கூண்டு ஏறியது. கோதண்டம் புது வேட்டி கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு உறை என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டான். ஆறாவது இழுப்பில் கூண்டு உச்சிக்குப் போய் நின்றது. அவன் அண்ணாந்து பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. வெயில் பட்டுக் கலங்கியது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலையில் கடலில் ஒரு கட்டுமரம்கூட இல்லை. எல்லாம் மணலில் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. மீன் கூடைக்காரி சிலுவையம்மாள் கொடிமரத்தடிக்கு வந்து, காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். அவள் புருஷனுக்கு இரண்டு கட்டுமரம் உண்டு.

“இன்னா நைனா, வானம் தொடச்சி வெச்ச கண்ணாடியாட்டம் கீது. கூண்டு ஏத்தி வெச்சிக்கீறே?”

“அக்கா, இது புயலு கூண்டு இல்ல. மழை வராதுன்னு ஏத்தின கூண்டு.”

“இன்னிக்குக்கூடத்தான் மழை வரலை. நேத்தும் வரலை. அதுக்கெல்லாம் கூண்டா?”

“இது மூணு மாசம் கழிச்சி வராத மழை. அதுக்கு இப்பவே ஏத்தறது.”

சிலுவையம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சற்று யோசித்தாள். “எங்க மாமனாரு கூண்டைப் பாத்துக்கினேதான் கடலுக்குப் போனாரு. இன்னும் திரும்பலை. கறுப்போ காவியோ, கூண்டு தொங்கறச்சே எங்க ஆளுங்க தண்ணியில காலு வெக்கமாட்டாங்கோ. சரி, எப்போ எறக்குவே?”

“மழை பேஞ்சப்பால.”

“மழை வராதுன்னுதானே ஏத்தினே?”

“ஆமா.”

“அப்போ எறக்கவே மாட்டே” என்று சொல்லிவிட்டு அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். கோதண்டம் ஓடிப் போய் ஆபீசரிடம் சொன்னான்.

அருள்பிரகாசம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “இரண்டாம் அம்சம் நிறைவேறிவிட்டது! எச்சரித்த ஒரே இரவில் பொதுமக்கள் தாமாகவே நடவடிக்கை எடுத்துவிட்டார்களே!” என்று சொல்லி, அப்போதே ரிப்போர்ட் எழுதினார்: ‘வரவிருக்கும் வறட்சியை முன்னிட்டு, மேற்படி கடற்கரையைச் சேர்ந்த தொண்ணூறு கட்டுமரங்கள் பத்திரமான இடத்துக்கு வாபஸ் பெறப்பட்டன.’

மேலிடத்திலும் ஒன்றிரண்டு புத்திசாலிகள் இருக்கத்தான் செய்கிறார்கள். வறட்சியினால் கட்டுமரத்துக்கு என்ன ஆபத்து என்று ஒரு கேள்வி வந்தது. அருள்பிரகாசம் அசரவில்லை. மழை இல்லாவிட்டால் ஏரி வற்றும், ஆறு வற்றும். ஆறெல்லாம் கடலில் போய்ச் சேருகிறபடியால் கடைசியில் கடலும் வற்றக்கூடும். அப்போது கட்டுமரங்கள் தரை தட்டி உடையாமல் இருக்க இது முன்ஜாக்கிரதை என்று பதில் எழுதினார். எழுதிய பிறகு அவருக்கே பயம் வந்துவிட்டது. கடலில் அளவு போட்ட ஒரு கம்பத்தை நடச் செய்து, நேரத்துக்கு நேரம் பார்த்துச் சொல்லும்படி கோதண்டத்துக்குக் கட்டளையிட்டார்.

காலையில் பார்த்த தண்ணீர் மத்தியானத்துக்குள் இரண்டு அடி இறங்கியிருந்தது. ஆபீசே கதிகலங்கியது. இந்த விகிதத்தில் போனால் தைப் பொங்கலுக்குள் பர்மா வரைக்கும் நடந்தே போய்விடலாம் என்று ஒரு குமாஸ்தா கணக்குப் போட்டுக் காட்டினார்.

“எஜமான், அது ஓதம். ஏறும், எறங்கும். சாயங்காலம் பாருங்கோ” என்றான் கோதண்டம்.

சாயங்காலம் தண்ணீர் பழையபடி ஏறிவிட்டது. முன்ஜாக்கிரதை நடவடிக்கையின் பலனாகக் கடல் ஒரே நாளில் தன் பழைய நிலையை அடைந்துவிட்டது என்று அன்றைய ரிப்போர்ட் முடிந்தது. இதற்காகப் பத்திரிகைகள் அவரைப் பாராட்டி எழுதின.

பத்திரிகையில் வந்த பிறகு பட்டணம் சும்மா இருக்குமா? வறட்சி ஒரு நாகரிகமாகிவிட்டது. பெரிய மனிதர்கள் வீட்டில் ‘வறட்சி விருந்து’ நடந்தது. அதில் ஒருவருக்கும் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள், சோடா மட்டுந்தான். கனவான்கள் சவரம் செய்துகொள்வதை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி, அதனால் மிச்சமான தண்ணீரைப் பற்றிப் பொதுக்கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினார்கள். வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடை ரஷீது பாய், மண் நிறத்தில் ஒரு சேலையை இறக்கி, அதற்கு ‘வறட்சிக் கலர்’ என்று பெயர் வைத்தார். அழுக்குத் தெரியாது, துவைக்கத் தண்ணீர் வேண்டாம். அதுதான் அதன் விசேஷம்.

“இன்னா பாய், இது போன வருஷம் நீ விக்காத கலீஜ் கலர் சேலையாச்சே?” என்று கோதண்டம் ஒரு நாள் கேட்டான்.

“சத்தமா பேசாத நைனா” என்றார் ரஷீது பாய். “போன வருஷம் அது அழுக்கு. இந்த வருஷம் அது சயன்ஸு. உன் சம்சாரத்துக்கு ஒண்ணு எடுத்துகினு போ.”

எடுத்துக்கொண்டு போனான். கன்னியம்மா அதை விரித்துப் பார்த்துவிட்டு அடுப்புத் துணியாக வைத்துக்கொண்டாள்.

புரட்டாசி பிறந்தபோது மீனவர் குடும்பங்களில் அடுப்பு எரிவது அபூர்வமாகிவிட்டது. கடலில் மீன் துள்ளுகிறது. மேலே கூண்டு தொங்குகிறது. கீழே குழந்தைகள் பசியில் அழுகின்றன. கோதண்டத்துக்கு அந்தப் பக்கம் நடக்கவே வெட்கமாக இருந்தது. ஸ்ரீமான் அருள்பிரகாசம் அவர்களோ நேரில் வந்து பார்த்து வியந்து போனார். “முன்னறிவிப்பு எவ்வளவு துல்லியம் பார்த்தாயா! வறட்சி வருவதற்கு முன்பே பட்டினி வந்துவிட்டது” என்றார். உடனே கஞ்சித் தொட்டி திறக்க உத்தரவாயிற்று.

கஞ்சி என்றால் அரிசி வேண்டும், தண்ணீர் வேண்டும். அரிசி வண்டியில் வந்தது. தண்ணீருக்குப் பக்கத்தில் எங்கே கிணறு இருக்கிறது என்று தேடிப் பார்த்தார்கள். கோதண்டத்தின் சந்தில் ஒரு உறைக்கிணறு இருந்தது. ‘மேற்படி கிணற்றில் தற்சமயம் தண்ணீர் இருப்பதாகத் தெரிகிறது’ என்று மூன்று வருஷமாக ஆபீஸ் காகிதத்திலேயே எழுதியிருக்கிறதே! விடிந்தால் எட்டு ஆள் நின்று இறைத்தார்கள். கன்னியம்மா குறுக்கே நின்று சண்டை போட்டுப் பார்த்தாள், ஒருவரும் கேட்கவில்லை. பதினோராம் நாள் வாளியில் சேறு வந்தது. பன்னிரண்டாம் நாள் அதுவும் வரவில்லை.

“தந்தி வந்தா உறை வரும்னியே” என்றாள் கன்னியம்மா. “கெணறே பூட்ச்சேய்யா! வறட்சி எங்கேருந்து வந்துச்சி? ஒன் ஆபீஸ்லேருந்துதான் வந்துச்சி.”

கோதண்டத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே ஆபீசருக்கு முன்னால் போய் நின்றான். இந்தத் தடவை கையைக் கட்டிக்கொள்ள மறந்துபோனான்.

“எஜமான், மூணு அம்சமும் ஆச்சு. கெணறும் வத்திப் போச்சு. இப்பவாவது உறை குடுங்கோ.”

“வற்றிவிட்டதா?” என்று அருள்பிரகாசம் மிகவும் வருத்தப்பட்டார். “அடடா, நேற்றே வந்திருக்கக் கூடாதா? நாங்கள் முன்ஜாக்கிரதை ஆபீஸ், அப்பா. வருவதற்கு முன்னால்தான் எங்களுக்கு அதிகாரம். உங்கள் கிணற்றுக்கு வறட்சி வந்தாகிவிட்டது. வந்த பிறகு பார்க்க வேண்டியது வேறு ஆபீஸ்.”

“அது எங்க கீது எஜமான்?”

“இன்னும் திறக்கவில்லை.”

ஐப்பசி முழுவதும் வானம் வெறிச்சென்று இருந்தது. கார்த்திகை மூன்றாம் வாரம் துறைமுகத்து மேஸ்திரி தலைதெறிக்க ஓடி வந்தார். அவர் கையில் தந்தி. பெரும்புயல் வருகிறது, உடனே புயல் கூண்டு ஏற்ற வேண்டும். கொடிமரம் இருப்பதோ ஒன்று. அதில் காவிக் கூண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“இறக்க முடியாது” என்றார் அருள்பிரகாசம். “மழை பெய்து, அதை அளந்து, அளந்ததை அறிவித்த பிறகுதான் வறட்சிக் கூண்டை இறக்கலாம்.”

“எஜமான், புயலு வந்துகினு கீது! மழையும் அதோட வரும்!” என்றான் கோதண்டம்.

“வரட்டும். வந்தவுடன் இதை இறக்கிவிட்டுப் புயல் கூண்டை ஏற்று.”

“புயலு வந்தப்பால புயலு கூண்டா?”

“அது உன் பழைய இலாகாவின் விஷயம். அதில் நான் தலையிடுவது முறையல்ல.”

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் புயல் அடித்தது. அருள்பிரகாசம் காற்றழுத்தமானியை எடுத்துப் பார்த்தார். அவருக்குத் தெரியாத மணியெல்லாம் அது காட்டியது. கொடிமரம் பாதியில் முறிந்தது. வறட்சிக் கூண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு வடக்கே பறந்து போயிற்று. மற்றக் குப்பங்களில் கடலுக்குள் போன மரங்களைக் கரை சேர்ப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. ராயபுரத்தில் மட்டும் ஒரு மரத்துக்கும் ஒரு ஆளுக்கும் ஒரு கீறல் இல்லை. எல்லாம் மூன்று மாதமாகவே மணலில் அல்லவா கட்டிக் கிடந்தன! மூன்று நாள் மழை கொட்டியது. பதினாறணா. சந்துக் கிணறு வாய் வரைக்கும் நிரம்பி, கையால் மொள்ளும்படி ஆயிற்று.

தந்தியில் ஆறணா என்று வந்ததே, முன்னறிவிப்பு பொய்த்துவிட்டதா என்று மேலிடம் கேட்டது. அருள்பிரகாசம் எழுதிய பதில் இன்றைக்கும் இலாகாவில் பொன்னே போல் போற்றப்படுகிறது: ‘முன்னறிவித்த ஆறணா, தானாகப் பெய்திருக்கக்கூடிய மழை. மீதிப் பத்தணாவும் நடவடிக்கையின் பலன்.’

பொதுமக்களாவது சிரித்தார்களா என்றால் அதுவும் இல்லை. காவிக் கூண்டு எண்ணூர் உப்பளத்தில் தலைகீழாகக் கிடக்கிறது என்று சேதி வந்தவுடன், மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய் மேளதாளத்தோடு கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் தேங்காய் உடைந்தது. மூன்று மாதம் பட்டினி போட்ட கூண்டுக்குச் சிலுவையம்மாள் மெழுகுவத்தி ஏற்றினாள்.

“இன்னாக்கா, நீயா?” என்று கோதண்டம் வாய்விட்டுக் கேட்டான்.

“எங்க வூட்டுக்காரு உசிரோட கீறாரு நைனா. அது போதும் எனக்கு” என்றாள் அவள்.

ஸ்ரீமான் அருள்பிரகாசம் அவர்களுக்கு உத்தியோக உயர்வு வந்தது. அந்தச் சந்தோஷத்தில், ஒரு பெரிய கூட்டத்தின் நடுவில் கோதண்டத்தை மேடைக்குக் கூப்பிட்டு, “உனக்கு என்ன வேண்டும்? ஒன்று கேள். இப்போதே உத்தரவு போடுகிறேன்” என்றார்.

கோதண்டம் வாயைத் திறந்தான். ஆறு உறை என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கிணறு அப்போது தளும்பிக்கொண்டிருந்தது. தளும்புகிற கிணற்றுக்கு உறை கேட்டால் இத்தனை பேரும் சிரிக்க மாட்டார்களா? உறை எங்கே ஓடிப் போகிறது, வேண்டும்போது கேட்டுக்கொள்ளலாம். மேஸ்திரியின் தலையில் இருந்த சிவப்புத் தலைப்பாகை வெயிலில் ஜொலித்தது. கோதண்டம் பதினைந்து வருஷமாக அதைப் பார்த்து ஏங்கியவன்.

“அந்த மாதிரி ஒரு தலப்பா, எஜமான்” என்றான்.

கூட்டம் கைதட்டியது. பதினாறு முழம் சிவப்புத் துணி அங்கேயே அவன் தலையில் ஏறியது.

மறு வருஷம் ஆவணியில் தந்தி வந்தது: நாலணா. அப்போது சந்துக் கிணற்றில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

“யோவ், இன்னும் மூணு மாசம் கீது” என்றாள் கன்னியம்மா. “ஆபீஸும் வாணாம், மனுவும் வாணாம். சந்துல அறுவது வூடு கீது. பத்து வூட்டுக்கு ஒரு உறை. கொசவரு வூட்டாண்ட போயி சொன்னா ஒரு வாரத்துல சுட்டுக் குடுத்துடுவாரு. நீ ஒரு வார்த்தை சொல்லு, எல்லாரும் வருவாங்கோ.”

“இன்னாமே பேஜாரு பண்றே? அடுத்த வாரம் கூண்டு ஏறப்போவுது. மழை தானா வரும்” என்றான் கோதண்டம், தலைப்பாகையைச் சரி செய்துகொண்டே.

அறுபது வீட்டுக்காரர்களும் ஒரு வாரம் ஒழுங்காக உழைக்கத்தான் செய்தார்கள். புதிதாக நட்ட கொடிமரத்தடியில் மேடை கட்டினார்கள், மண் அடித்துக் கொட்டினார்கள், குயவர் வீட்டுக்குப் போய் நூற்றெட்டு அகல் விளக்குச் சொல்லிவைத்தார்கள். கூண்டு ஏறியது. மீனவர்களுக்கு அது இப்போது எச்சரிக்கை அல்ல, சாமி; கும்பிட்டுவிட்டுக் கடலுக்குப் போனார்கள். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. மலைமேலிருந்த நிபுணர்கள் இந்தத் தடவை சொன்னது சொன்னபடி பலித்தது. நாலணாகூடத் தேறவில்லை.

மாசி மாதம் ஒரு காலையில் சந்துக் கிணற்றைச் சுற்றி நூறு குடம் காத்திருந்தது. தண்ணீர் உடைந்த உறைகளுக்கும் கீழே, மணல் பள்ளத்தில் ஒரு சட்டி அகலத்துக்குக் கிடந்தது. கயிறு எட்டவில்லை. நீளக் கயிறு கேட்டு ஆபீசுக்கு மனுப் போயிருந்தது. எல்லோரும் கிணற்றைப் பார்ப்பதும் அண்ணாந்து கூண்டைப் பார்ப்பதுமாக நின்றார்கள். கோதண்டமும் நின்றான்.

கன்னியம்மா குடத்தைக் கீழே வைத்தாள். புருஷனிடம் வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் தலைப்பாகையின் நுனியைப் பிடித்து இழுத்தாள். பதினாறு முழமும் அவிழ்ந்து அவள் கைக்கு வந்தது. அதை வாளிக் கயிற்றோடு முடிச்சுப் போட்டு உள்ளே விட்டாள். வாளி எட்டிவிட்டது. கலங்கல் தண்ணீர்தான், ஆனாலும் தண்ணீர். அவள் கை வலிக்க இறைத்து, முதல் வாளியைப் பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் குடத்தில் ஊற்றினாள்.

“ஆறு உறை இருந்தா இந்தக் கதி உண்டாய்யா?” என்றாள். கோதண்டம் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

சந்தே விழித்துக்கொண்டது. அவள் சொன்னதைக் கேட்டு அல்ல. அவள் செய்ததைப் பார்த்து. இத்தனை நாளாகத் தங்களுக்கு என்ன குறை என்பது அவர்களுக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கே கூட்டம் கூடி, வீட்டுக்கு ஒரு கைநாட்டாக வைத்து ஒரு மனு தயாராயிற்று: ‘மேற்படி சந்தில் குடிநீர்க் கஷ்டம் அதிகமாக இருக்கிறபடியால், வீட்டுக்கு ஒன்று வீதம் அறுபது சிவப்புத் தலைப்பாகைகள் தயவுசெய்து சாங்ஷன் செய்ய வேண்டியது.’ எழுதியவன் கோதண்டம். அவனுக்கும் தலை வெறுமையாகத்தான் இருந்தது.

ஆபீசின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒரு மனு ஒரே வாரத்தில் நிறைவேறியது. அறுபது தலைப்பாகையும் வண்டியில் வந்து இறங்கின. வீட்டுக்கு ஒருவர் வந்து வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் கோதண்டத்தின் வீட்டுக்கு உரியது மட்டும் மிச்சமாக நின்றது. அவன் ஆபீஸ் ஆள் ஆனபடியால் அவன் வாங்கக்கூடாது, பெண்சாதிதான் கைநாட்டு வைத்து வாங்க வேண்டும் என்று ஏதோ ஒரு விதி இருந்ததாம். கன்னியம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசின் பிரிட்ஜுக்குப் போயிருந்தாள்.